வழியிடைச் சந்திப்பும் சொல்லின் தெளிவும்

முன்பின் அறியாத இருவர் வழியில் எதிர்ப்பட்டுப் பேசும் பேச்சையே தன் உடலாகக் கொண்ட பாட்டு வகை ஆற்றுப்படை ஆகும். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீள்பவன், பரிசில் நாடி அலையும் மற்றொருவனைக் கண்டு, தான் பெற்ற வளத்தைக் கூறி, அவனையும் அவ்வள்ளல்பால் வழிப்படுத்துவது இதன் இலக்கணம். தொல்காப்பியர் புறத்திணையியலில் இதனை வகுக்குங்கால், கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்னும் நால்வகையாரைச் சுட்டி, வழியிடைக் காணுதலையும், பெற்றவர் பெறாதவர்க்கு அறிவுறுத்தலையும் இதன் உறுப்புகளாக வைத்தார். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. புறநானூற்றிலும் பாணாற்றுப்படை, விறலியாற்றுப்படை, புலவராற்றுப்படை எனத் துறை பெற்ற பாட்டுகள் உள.

இப்பாட்டுகளை ஆய்ந்தோர் பலரும் அவற்றை வள்ளலின் புகழ்ப்பாட்டாகவே கொண்டனர். நாட்டு வளமும், நகரச் சிறப்பும், கொடைத் திறமும் பாட்டின் பொருள் என்றும், வழியில் இருவர் காணும் பகுதி அப்பொருளுக்குப் புலவர் அமைத்துக்கொண்ட வாயில் மட்டுமே என்றும் கருதினர். யாம் இக்கருத்தினின்று வேறுபடுகின்றோம். புகழ் நிற்பதற்குரிய அடித்தளமே அம்முதற் பகுதியில்தான் இடப்படுகின்றது என்பதும், அறியாதவன் உள்ளத்தில் விரைந்து நம்பிக்கை தோன்றுமாறு பேசும் முறை ஒன்று இப்பாட்டுகளுள் அமைந்து கிடக்கின்றது என்பதும் எம் துணிபு. இதனை நிறுவுதற்குப் பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் என்னும் நான்கனையும் எடுத்துக்கொள்கின்றோம். திருமுருகாற்றுப்படையை இறுதியில் ஒப்பு நோக்குவோம்.

கேட்பவன் நிலை

முதற்கண் கேட்பவன் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் தனியன் அல்லன். பெரிய சுற்றம் ஒன்று பசியோடு அவனைப் பின்தொடர்கின்றது. நடந்து நடந்து தேய்ந்த மகளிர் அடிகளுக்கு, இளைத்த நாயின் நாவினைப் பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய மூன்று பாட்டுகளும் உவமை கூறுகின்றன. இந்நிலையில் உள்ள ஒருவன், இதுவரை கண்டிராத ஒருவன் சொல்லை நம்பித் தன் கூட்டம் முழுவதையும் வேறு திசையில் திருப்ப வேண்டும். சொல் பொய்யாயின் அழிவது அவன் ஒருவன் அல்லன். நம்பாது போயினோ, உண்மையாகவே கிடைக்கவிருந்த உணவு கைந்நழுவும். இரண்டனுள் ஒன்றை மரநிழலில் அமர்ந்திருக்கும் அச்சிறு பொழுதிலேயே துணிதல் வேண்டும்.

தெளிதல் பற்றித் திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்னும் 51ஆம் அதிகாரத்தில் விரிவாகக் கூறியுள்ளார். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கின் வழியே ஒருவனை ஆராய்ந்து தெளிக என்பதும், ஆராயாது பிறனை நம்பியவனுக்கு அவன் வழித்தோன்றல்கள் வரையில் துன்பம் தொடரும் என்பதும் அங்குக் காணப்படும் கருத்துகள். ஆயின் அவ்வறிவுரை வினைக்கு ஆள் தேரும் அரசனை நோக்கியது. அரசனுக்குக் காலம் உண்டு, ஒற்றர் உண்டு, அமைச்சர் உண்டு. வழிச்செல்வோனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே, ஆராய்தற்குப் பொழுதில்லாதவன் தெளிவது எங்ஙனம் என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு ஆற்றுப்படைப் புலவர் தரும் விடையே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் காணுதல்

வழிப்படுத்துவோன் வாய் திறந்தவுடன் வள்ளலைப் பற்றிப் பேசுவதில்லை. எதிரில் இருப்பவனைப் பற்றியே பேசுகின்றான். பொருநராற்றுப்படையில், விழா முடிந்த ஊரில் மறுநாளும் சோற்றை விரும்பித் தங்காது வேற்றிடம் நோக்கிப் புறப்பட்ட அறிவுடையவன் எனப் பொருநன் விளிக்கப்படுகின்றான். இவ்விளியின் நுட்பம் கருதத்தக்கது. பசித்தவன் ஒருவனைப் பசித்தவன் என்று அழைக்காமல், பசியிலும் மானம் காத்தவன் என்று அழைக்கின்றான். அதன்பின் அவன் கையிலுள்ள யாழ் உறுப்பு உறுப்பாகக் காட்டப்படுகின்றது. அதன் பத்தர் மானின் குளம்படிச் சுவடுபோல் இரு பக்கமும் தாழ்ந்து நடு உயர்ந்திருத்தலும், வழிப்பறி செய்யும் கள்வரும் தம் படைக்கலத்தைக் கைவிடுமாறு செய்யும் அதன் பாலைப்பண்ணும் சொல்லப்படுகின்றன. பின்னர் உடன்வரும் பாடினி தலைமுதல் அடிவரை வருணிக்கப்படுகின்றாள்.

இவ்வருணனை மிகை என்று குறை கூறுவோர் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. யாழின் நுட்பத்தை உறுப்பு உறுப்பாக அறிந்து கூறுபவன், தானும் அத்தொழிலை அறிந்தவன் என்பதைச் சொல்லாமலே நிறுவுகின்றான். தான் இன்னான் என்று தன்னைப் பற்றிப் பறைசாற்றுவதைக் காட்டிலும், எதிரில் உள்ளவன் போற்றும் பொருளைச் செவ்வனே காண்பது விரைந்து நெருங்கும் வழி என்பது இதனால் பெறப்படுகின்றது. இது முகமன் ஆகாதோ எனின், ஆகாது. பெரும்பாணாற்றுப்படையில் எதிர்ப்பட்ட பாணன் பொலிவிழந்த உடம்பினன் என்றே விளிக்கப்படுகின்றான். சிறுபாணாற்றுப்படையில் நடந்து வருந்திய விறலியர் அடிகளை இளையர் மெல்ல வருடும் காட்சி கூறப்படுகின்றது. முகமன் கூறுவோன் தளர்ச்சியைக் காணாதவன்போல் நடப்பான். இவர்களோ அழகையும் தளர்ச்சியையும் ஒருங்கே காண்கின்றனர். கண்டதைக் கண்டவாறு கூறும் கண் இது என்னும் தெளிவு கேட்பவனுக்கு இங்கேயே தோன்றிவிடுகின்றது.

அடுத்து, அச்சந்திப்பே ஒரு பேறு எனக் கூறப்படுகின்றது. வழி தவறி வேறு பக்கம் போகாமல் என்னை எதிர்ப்பட்டது நீ செய்த தவத்தின் பயன் என்னும் கருத்துப் பொருநராற்றுப்படையில் உளது. என்னைக் கண்டமையால் நீவிர் நன்னிமித்தம் உடையீர் ஆயினீர் என்னும் கருத்து மலைபடுகடாத்தில் உளது. இரந்து திரிபவன் எவ்விடத்தும் தன்னைப் பிறர்க்குச் சுமையாக எண்ணிக் கூசுவான். அவன் வருகையை நிமித்தமாகவும் தவப்பயனாகவும் கூறுங்கால் அக்கூச்சம் நீங்குகின்றது.

தன் நாணத்தை முன்வைத்தல்

இனி, இவ்வாய்வின் நடுப்பொருளுக்கு வருவோம். சிறுபாணாற்றுப்படையின் 130ஆம் அடி முதல் 140ஆம் அடி வரையுள்ள பகுதி யாவரும் அறிந்ததே. கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய், பால் இன்மையால் அவை முலையைப் பற்றுதலைப் பொறாது குரைக்கும் அடுக்களை. கூரை விழுந்து, சுவரில் கறையான் அரித்துக் காளான் பூத்த இடம். பசியால் இடை ஒடுங்கிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பின்றி வேகவைக்கின்றாள். அறிவிலார் காணின் பழிப்பர் என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றனர். வறுமையை இதனினும் கூர்மையாகக் காட்டிய பகுதி தமிழில் அரிது எனப் பலரும் பாராட்டியுள்ளனர். ஆயின் இப்பகுதி யாரிடம் சொல்லப்படுகின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அண்டை அயலார் காணலாகாது என்று கதவடைத்து மறைத்த காட்சியை, பெயரும் அறியாத வழிப்போக்கன் ஒருவன்முன் அவன் தானே திறந்து காட்டுகின்றான். உப்பில்லாத கீரையைப் பற்றிப் பொய் சொல்லி ஒருவன் பெறும் ஊதியம் யாதும் இல்லை. தன்னைத் தாழ்த்திக் காட்டும் சொல் தன்னலத்தினின்று பிறப்பதன்று. ஆதலின் அதனைக் கேட்பவன் ஐயுறுவதில்லை. அச்சொல்லை ஐயுறாதவன், அதனைத் தொடர்ந்து வரும் யானையையும் தேரையும் பற்றிய சொல்லையும் ஐயுற மாட்டான். நாங்கள் அங்கிருந்தே வருகின்றோம் என்னும் கூற்றுச் சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் மூன்றனுள்ளும் ஒரே வகையாக வருதலும், அதன் பின்னரே நீவிரும் செல்க என்னும் கருத்துத் தொடர்தலும் இம்முறையை வலியுறுத்துகின்றன.

பொருநராற்றுப்படை இதனை இன்னும் நுட்பமாகச் செய்கின்றது. வழிப்படுத்தும் பொருநன் தன் பழைய உடையை வருணிக்கின்றான்: ஈரும் பேனும் குடிகொண்டு, வியர்வையில் நனைந்து, வேற்று நூல் நுழைத்துத் தைத்த கந்தல் அது. அரசன் அதனைக் களைந்து, இழை போன வழி கண்ணுக்குத் தோன்றாத, பாம்பின் தோல் போன்ற மெல்லிய ஆடையை உடுத்தினான் என்கின்றான். ஆனால், எதிரில் நிற்பவனும் கந்தல்தான் உடுத்தியிருக்கின்றான். அக்கந்தலைப் பற்றிய பேச்சு, தன் கந்தலைக் கூறி ஏறத்தாழ 70 அடிகள் கடந்த பின்னரே எழுகின்றது. அப்பொழுதும், அரசன் அதனை நீக்கிப் பட்டு அளிப்பான் என்று கூறும் இடத்திலேயே வருகின்றது. கேட்போன் சுற்றத்தின் பசி முன்னரே ஒருமுறை சுட்டப்பட்டது உண்மையே. ஆயினும் பசி எல்லார்க்கும் பொது. உடலின்மேல் கிடந்து பிறர் கண்ணுக்குத் தோன்றும் கந்தலே நாணம் தருவது. தன் நாணத்தை முதலில் கூறி, எதிரில் நிற்பவன் நாணத்தை அது தீரும் இடத்தில் மட்டும் கூறும் இவ்வொழுங்கு நாகரிகத்தின் உச்சம் எனல் வேண்டும்.

அதே பாட்டில் மற்றொரு முதற்சந்திப்பும் உளது. பழமரத்தை நினைந்து செல்லும் பறவைபோல் அரசன் வாயிலுள் புகுந்த பொருநனை அரசன் எவ்வாறு ஏற்றான் என்பது அது. உறவினன்போல் கொண்டு, விரும்பும் சொற்களைக் கூறி, கண்ணிற் படும் அணிமையில் இருத்தி, பருகுவதுபோன்ற பார்வையால் நோக்கினான் என்கின்றான். உணவும் உடையும் வருமுன்னே பார்வையும் அணிமையும் வந்துவிட்டன. அரசன் தன்னிடம் நடந்துகொண்ட முறையிலேயே இவன் இப்பொழுது வழியில் கண்டவனிடம் நடந்துகொள்கின்றான் என்பது, இரு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவார்க்குப் புலனாகும். கரிகாலன் பெயரோ 130 அடிகள் கடந்த பின்னரே பாட்டில் தோன்றுகின்றது.

முறைவைப்பே இங்குப் பொருளாகின்றது. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பின்னர், அவ்வுரை வழியாகவே நம்மவர் இப்பாட்டுகளைக் கற்றனர். அவ்வுரையின் பெருமை ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் மாட்டு என்னும் இலக்கணத்தைக் கருவியாகக் கொண்டு, சேய்மையிற் கிடக்கும் சொற்களைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் கொள்ளும் அவர் முறையை மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு, பட்டினப்பாலை ஆராய்ச்சியுரைகளில் மறுத்தார். அம்மறுப்பு ஆற்றுப்படைகளுக்கும் பொருந்தும். எதை முன் சொன்னான், எதைப் பின் சொன்னான் என்பதே நம்பிக்கை பிறக்கும் வகையைக் காட்டுவதாயின், சொல்லின் இடத்தைப் பெயர்த்துவிட்டு அதனைக் காண்டல் இயலாது.

ஒன்றை மறைத்தல் எம் கருத்தன்று. நான்கு பாட்டுகளிலும் இம்முறை ஒரே அளவாக அமையவில்லை. சிறுபாணாற்றுப்படையில் மூவேந்தர் தலைநகர்களும் வள்ளல்கள் எழுவரும் நல்லியக்கோடனும் பேசப்பட்ட பின்னரே அடுக்களைக் காட்சி வருகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் தன் பழம்பசி சிலவடிகளில் சுருங்கக் கூறப்படுகின்றது. பொருநராற்றுப்படையில் விரைந்து எழுக என்னும் சொல் தன் கதைக்கு முன்னரே வந்துவிடுகின்றது. ஆயினும் யாரிடம் செல்வது என்பது அப்பொழுது கூறப்படவில்லை. இவ்வேறுபாடுகளிடையேயும், வழி காட்டப்படுமுன் வழிகாட்டுவோன் தன் பழைய நிலையைக் கூறிவிடுதல் பொதுவாக நிற்கின்றது.

வழியே சான்றாதல்

நெஞ்சைத் திறந்து பேசுதல் நம்பிக்கையைத் தோற்றுவிக்கும். அதனை நிலைநிறுத்துவது வேறு. அதற்கு ஆய்ந்து பார்க்கத்தக்க சொற்கள் வேண்டும். பெரும்பாணாற்றுப்படை, எயினர் குடியிருப்பில் தேக்கிலையில் குவித்து இடப்படும் உணவு முதலாக, வழியில் ஒவ்வொரு நிலத்திலும் கிடைக்கும் உணவை இடஞ்சுட்டிக் கூறுகின்றது. இளந்திரையன் இருக்கும் ஊரை அடைந்த பின்னரே சொல்லின் மெய்ம்மை அறியப்படும் என்னும் நிலை இங்கு இல்லை. முதற் குடியிருப்பில் சொன்ன உணவு கிடைத்தால் அடுத்ததும் கிடைக்கும். கிடைக்கவில்லையாயின் அன்றே திரும்பிவிடலாம். அண்மையில் நிறைவேறும் சிறு சொல் சேய்மையிலுள்ள பெருஞ்சொல்லுக்குப் பிணையாகின்றது.

மலைபடுகடாம் இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. 583 அடிகள் கொண்ட இப்பாட்டில் பெருங்கௌசிகனார் வழியின் இன்பத்தோடு வழியின் இடரையும் விரித்துரைக்கின்றார். பன்றிக்கு அஞ்சித் தினைப்புனத்தார் வைத்த கற்பொறிகள் உள. ஆகவே விடியும் வரையில் தங்கிச் செல்லுமின். பாம்பு ஒடுங்கிக் கிடக்கும் குழிகள் உள. குறிக்கொண்டு விலகிச் செல்லுமின். கவணிலிருந்து விசையோடு கல் வரும். மரங்களின் மறைவில் கடந்து செல்லுமின். பாசி படிந்த வழுக்குநிலம் உளது. சிறுமூங்கிலையும் எருவைக் கோலையும் பற்றிச் செல்லுமின். இங்ஙனம் கூறுவதனால் நன்னன் புகழ் குறையுமோ எனின், குறையாது. இடரை மறைத்து வளத்தை மட்டும் கூறுபவன் கேட்போனை வள்ளலிடம் சேர்ப்பதில் கருத்துடையவன்; இடரையும் கூறுபவன் கேட்போன் உயிரில் கருத்துடையவன். இரண்டாமவனையே உள்ளம் நம்பும். பெரும்பாணாற்றுப்படை இதற்கு மாறாகக் கள்வரும் இல்லை, பாம்பும் விலங்கும் தீங்கு செய்யா என்று கூறுவதை எடுத்துக்காட்டுவோர் இருக்கலாம். அச்சத்தைப் பெயர் சொல்லி எடுத்து நீக்குவதும் அச்சத்தை அறிந்தவன் செயலே ஆதலின், அதுவும் இதனோடு ஒத்ததே.

இருவகைத் தடைகள்

எம் கருத்துக்கு இருவகைத் தடைகள் எழலாம். கூறுவோனும் கேட்போனும் ஒரு தொழிலினர். ஆகவே அவர்கள் உண்மையில் அறியாதார் அல்லர் என்பது ஒன்று. தொழில் ஒருமை நெருக்கத்துக்குத் துணை செய்யும் என்பதை யாம் ஒப்புகின்றோம். ஆயினும் ஒரே வாயிலை நாடி இரப்போர் தம்முள் போட்டியாளராதலும் இயல்பு. தனக்குக் கிடைத்த ஊற்றை மற்றவனுக்குக் காட்டாமல் மறைத்தற்குரிய காரணம் தொழில் ஒருமையிலேயே உளது. அதனைக் கடந்தே இவன் பேசுகின்றான். மேலும் மலைபடுகடாத்தில், நன்னனின் கூத்தர் யாம் என்று சொல்லி, உங்கள் வீடுபோல் மலைவாழ்நர் குடியிருப்பில் தயங்காது புகுமின். அவர்கள் நெடுந்தொலைவு வந்த வருத்தம் நீங்க இனிய கூறி உணவளிப்பர் என்று கூறப்படுகின்றது. அம்மலைவாழ்நர் கூத்தர் அல்லர். நம்பிக்கை தொழில் எல்லையைக் கடந்து செல்வதற்கு இது சான்று.

வழிப்படுத்துவோன் புலவர் அணிந்த வேடமே; கேட்போர் வழிப்போக்கர் அல்லர், அரசவையினர் என்பது மற்றொன்று. இஃது உண்மையே. ஆயின் அது எம் கருத்தை வலியுறுத்துகின்றதே அன்றி மறுக்கவில்லை. அரசனைப் புகழ வந்த புலவர், அவன் அவையிலேயே பேன் பற்றிய கந்தலையும் உப்பில்லாத கீரையையும் பாடினார். வெறும் புகழ்ச் சொல்லை அவையும் நம்பாது என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். இன்மையை மெய்யாகக் காட்டியவனே கொடையையும் மெய்யாகக் காட்ட வல்லான்.

திருமுருகாற்றுப்படையோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு இன்னும் விளங்கும். அங்கு வழிப்படுத்துவோன் தன் வறுமைக் கதையைக் கூறுவதில்லை. முருகனே, அஞ்சற்க, உன் வரவை அறிவேன் என்று அன்பரை ஏற்பான் எனக் கூறப்படுகின்றது. வருவோனை முன்னரே அறிந்த கடவுள்முன் அறியாமை என்னும் தடை இல்லை. ஆதலின் அதனைக் கடக்கும் சொல்லும் வேண்டப்படவில்லை. ஒருவரையொருவர் அறியாத மக்களிடையேதான் அச்சொல்லுக்குத் தேவை உளது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. பிறனை முதலில் செவ்வனே காணுதல். அவன் வரவைப் பேறாகக் கூறுதல். அவன் நாணத்தைத் தொடுமுன் தன் நாணத்தை முன்வைத்தல். ஆய்ந்து பார்க்கத்தக்க சிறு செய்திகளையும், இடர்களையும் மறையாது கூறுதல். இவற்றுள் மூன்றாவதே உயிர் போன்றது. ஏனையவற்றைத் திறமையுடையோன் பயின்றும் செய்யலாம். தன் அடைத்த கதவைத் திறந்து காட்டுதல் துன்பம் அறிந்தவனுக்கே இயலும். இன்று அறியாதாரிடம் பேசும் கலையைக் கற்பிக்க முற்படுவோர் இனிய சொல்லையும் புன்முறுவலையும் பெரிதும் வலியுறுத்துகின்றனர். அவை வேண்டுவனவே. ஆயினும் நம் பழம்புலவர் அவற்றின்மேல் நம்பிக்கையைக் கட்டவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

மலைபடுகடாத்தில் வழிப்படுத்துவோன் கூறும் அறிவுரை ஒன்று எளியதாயினும் ஆழமுடையது. கிளைவழிகள் கூடும் இடத்தை அடைந்தால், அந்நிலத்தைத் துடைத்துத் தூய்மை செய்து, புல்லை முடிந்து வைத்துச் செல்லுமின் என்கின்றான். பின்னால் வருவோர் வழி அறிதற்கு அஃது அடையாளம். நம்பி நடந்தவன், தான் காணவே போகாத ஒருவனுக்கு நம்பத்தக்க குறியொன்றை விட்டுச் செல்ல வேண்டும் என்பது இதன் கருத்து. ஆற்றுப்படை என்னும் பாட்டு வகையும் அத்தகைய புல்முடிச்சே ஆகும்.